உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு நெஞ்சுப்பை

பிப்ரவரி 11

காலையில் இரண்டு சாப்பாட்டு நாற்காலிகளுக்குப் பழைய துணியைப் பிய்த்துப் புதுசு போட்டேன். மதியம் போர்முனையிலிருந்து உல்யானா போனில் கூப்பிட்டாள். போன வாரம் பேசியது, அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் குரலைக் கேட்கிறேன். சாப்பிட்டாயா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அடுப்புக்கு விறகு இருக்கிறதா என்று வழக்கமான விசாரணை எல்லாம் முடிந்த பிறகு விஷயத்துக்கு வந்தாள். பட்டாளத்தில் கொடுத்த நெஞ்சுப்பை அவளுக்கு ஆகவே ஆகாதாம்.

தோட்டா நிரப்பிய மேகசீன்களைச் செருகி, கவசத்துக்கு மேலே மார்போடு கட்டிக்கொள்கிற பை அது. ஆறடி ஆளுக்கு வெட்டியதை என் மனைவிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவள் உயரம் என் தோள் வரைக்கும்தான். பைகள் இரண்டு அடுக்காக வயிற்றுக்கு முன்னால் புடைத்துக்கொண்டு நிற்கின்றனவாம். அவள் ஓட்டுவது பழைய பிக்கப் வண்டி. போகும்போது குண்டுப் பெட்டிகள், வரும்போது காயம்பட்டவர்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் பையில் மாட்டுகிறது. மேலே டிரோன் சத்தம் கேட்டால் வண்டியை விட்டுக் குதித்துப் பள்ளத்தில் குப்புறப் படுக்க வேண்டும்.

"படுத்தா நான் தரையில படுக்கல, பை மேல படுத்திருக்கேன். முதுகு மேல துருத்திக்கிட்டு நிக்குது. நீ ஒண்ணு தைச்சுக் கொடு, தெம்யான். தட்டையா, லேசா. வேற எதுவும் வேண்டாம்."

தைத்துவிடலாம் என்றேன். சோஃபா தைக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றும் சொன்னேன். போனை வைத்துவிட்டு நாற்காலித் துணிக்குத் திரும்பினேன். முதுகு மேலே நிற்கிறது என்றாளே, அதுவே காதில் நின்றது.

பிப்ரவரி 13

பஸ் பிடித்துப் பிரான்கிவ்ஸ்க் நகரத்துக்குப் போய், பட்டாளச் சாமான் விற்கும் கடையில் பார்த்தேன். மூன்று வகை காட்டினான் கடைக்காரன். முதலாவது பீரோ மாதிரி. எல்லாவற்றுக்கும் ஒரு அறை. கத்திக்கு, கயிறுக்கு, கைவிளக்குக்கு, கடவுளுக்கே ஒன்று வைத்திருப்பான் போல. இரண்டாவது கொஞ்சம் மெல்லிசு, ஆனால் உள்ளே கெட்டிப் பிளாஸ்டிக் தகடு வைத்து விறைப்பாக்கியிருந்தார்கள். மூன்றாவது ஒரே அடுக்கு, மூன்று மேகசீனுக்கு மட்டும் இடம். கையில் எடுத்தால் எடையே இல்லை. அது எனக்குப் பிடித்தது. வார்தான் ஷூ கயிறு மாதிரி மெலிந்து கிடந்தது. இதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க இருந்தால் தோள் அறுந்துவிடாதா?

கடைக்காரன் ஒவ்வொன்றையும் என் மேல் மாட்டிக் கண்ணாடி முன்னால் நிறுத்தினான். நான் போய் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, சோஃபா கடைக்கு வந்த மாதிரி உக்காந்துட்டீங்க" என்றான்.

உட்கார்ந்ததும் மூன்றுமே பல்லை இளித்தன. கீழ் விளிம்பு தொடையில் இடிக்கிறது, மேல் விளிம்பு கழுத்துக்கு ஏறுகிறது. எல்லாம் நிற்கிறவனுக்காக வெட்டியவை. உட்கார்ந்தால் உடம்பு எங்கே மடிகிறது என்று இவர்கள் யாரும் யோசிக்கவில்லை. எனக்கு அதுதான் பிழைப்பு.

மூன்றாவதை வாங்கி வந்தேன். நாளைக்குப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 16

மரத்துண்டுகளை மேகசீன் வடிவத்துக்குச் சீவி, குடைந்து, உள்ளே ஆணிகளை நிரப்பி எடை சரி பார்த்தேன். கவசத்துக்குப் பதில் மார்பிலும் முதுகிலும் பிளைவுட் பலகை. அப்படியே கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு மிரோன் கிழவரின் காரில் போய் உட்கார்ந்தேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வாய் மட்டும் இன்னும் ஓயவில்லை.

"என்னடா, பலகையைக் கட்டிக்கிட்டு வர்ற? சவப்பெட்டிக்கு நீயே அளவு பாக்குறியா?"

காரணத்தைச் சொன்னேன். சிரித்தார். பிறகு, "பொண்டாட்டி அங்க துப்பாக்கியோட, புருஷன் இங்க ஊசியோட" என்றார். இந்தப் பேச்சை ஊரில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். இவர் முகத்துக்கு நேரே சொல்கிறார், அதற்காகவே இவரைப் பொறுத்துக்கொள்கிறேன். என் முழங்காலுக்குள் இரும்புத் தகடு இருப்பதும், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற மருத்துவக் குழு இரண்டு முறை என்னைத் திருப்பி அனுப்பியதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லுவார்.

"உக்காந்திருக்கிறவளுக்கு உக்காந்துதான் தைக்கணும், தாத்தா" என்றேன்.

மதியம் வரை அவர் காரிலேயே ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தேன். பைகள் மார்புக்குக் கீழே உயர நிற்க வேண்டும், வயிறு மடிய இடம் விட வேண்டும். முழங்கை போய்வருகிற வழியில் எதுவும் இருக்கக்கூடாது. அப்படியானால் நடுவில் மூன்றுக்கு மேல் இடமில்லை.

பிப்ரவரி 17

மூன்று போதுமா என்று கேட்டேன். போதும் என்றாள். துப்பாக்கியில் ஒன்று இருக்கிறது, மிச்சம் வண்டியில் இருக்கிறது. அக்குளுக்குக் கீழே நாலாவது ஒன்று தட்டையாக வைக்கட்டுமா? வேண்டாம். எங்கேயாவது மாட்டிக்கொண்டால்?

"மாட்டிக்கிட்டா ஓடணும், தெம்யான். நின்னு சண்டை போடவா போறேன்? லேசா இருந்தாத்தான் ஓட முடியும்."

மூடிக்கு ஒட்டுப்பட்டை வைக்காதே என்றும் சொன்னாள். சேறு புகுந்தால் ஒட்டுவதில்லை, உறைந்தால் திறப்பதில்லை, பிரிக்கும்போது சத்தம் வேறு. எலாஸ்டிக் கண்ணி, அதில் கையுறை போட்ட விரல் நுழைகிற மாதிரி ஒரு முடிச்சு. அது நசாருடைய யோசனையாம்.

நசார் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவன். அவள் சாலையைப் பார்ப்பாள், அவன் வானத்தைப் பார்ப்பான். கொஸ்மாச் கிராமத்துப் பையன், அவளைவிடப் பத்து வயசு சின்னவன். அவளைப் போலவே ஒல்லி. ஒவ்வொரு தடவை பேசும்போதும் நசார் சொன்னான், நசார் சிரித்தான், நசாரின் அம்மா அனுப்பிய ஆட்டுப் பாலாடைக்கட்டி. நாள் முழுக்க என் மனைவியின் பக்கத்து சீட்டில் இருக்கிறவன் அவன். எழுதும்போதே எனக்கு அசிங்கமாக இருக்கிறது. இருக்கட்டும். இதில்கூட உண்மையை எழுதாவிட்டால் வேறெங்கே எழுதுவது?

பிப்ரவரி 24

முடித்துவிட்டேன். ஒரே அடுக்கு, மூன்று பை, உட்கார்ந்தால் மடிகிற கீழ் விளிம்பு. வாருக்கு மட்டும் என் இஷ்டப்படி செய்தேன். நல்ல அடர்த்தியான ஃபோம் வைத்து, மேலே மெல்லிசுத் துணி போட்டு, தோளில் உட்காருவது தெரியாத மாதிரி. நாற்பது வருஷம் உழைக்கிற சோஃபாவுக்கு வைக்கிற ஃபோம். பார்சல் அனுப்பியாயிற்று.

மார்ச் 5

கிடைத்ததாம். "நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு." போட்டோ அனுப்பினாள். எடுத்தவன் நசார்தான், வேறு யார்.

ஏப்ரல் 19

ஈஸ்டருக்கு விடுப்பு கிடைத்து வந்துவிட்டாள். மூட்டையைத் தொப்பென்று கதவருகே போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். துவைக்கலாமென்று பையை எடுத்தேன். இரண்டு வாரையும் நீளமாகக் கிழித்து ஃபோமை உருவி எடுத்துவிட்டு, மீன்பிடிக்கிற நரம்பால் கோணல்மாணலாகத் தைத்திருந்தார்கள்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து நான் பார்ப்பதைப் பார்த்தாள். முதலில் பேச்சை மாற்றினாள். நான் விடவில்லை. பிறகு சொன்னாள். துப்பாக்கியின் பின்கட்டை தோளில் அழுந்த உட்கார வேண்டும். என் ஃபோம் மேலே அது வழுக்கியிருக்கிறது. ஒரு டிரோன் மேலே வந்து நின்றபோது அவள் சுட்ட முதல் சுற்று எங்கோ போயிற்று. நசார்தான் அதை வீழ்த்தினான். மழை பெய்தால் ஃபோம் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, லேசாக இருக்க வேண்டிய பை கனத்துப்போகிறது. குளிர் அடித்தால் உறைந்து பலகையாகிறது.

"ஏன் சொல்லல?"

"ராத்திரி பகலா உக்காந்து தைச்சிருப்ப. எப்படிச் சொல்றது?"

"கிழிச்சுத் தைச்சது யாரு?"

"நசார்" என்றாள்.

என் தொழிலே அடைப்பதுதான். எங்கே உறுத்துகிறதோ அங்கே ஃபோமை வை. அது அவள் உயிரை வாங்கப் பார்த்திருக்கிறது. நான் இங்கே பெருமையாகப் போஸ்டாபீஸுக்கு நடந்திருக்கிறேன். அவள் அதை என்னிடம் மறைத்தது, மறைத்ததை இன்னொருவன் தைத்தது. எது அதிகமாகக் குத்துகிறது என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 21

கோவிலில் மந்திரித்த பாஸ்கா ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் பட்டறைக்குப் போனோம். பண்டிகை நாளில் ஊசி எடுக்கக்கூடாது என்பார்கள். அவள் நாளை மறுநாள் கிளம்புகிறாள், கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

புதுசாக வெட்டினேன். இந்தத் தடவை கவசத்தோடு அவளே இருந்தாள். வாருக்கு ஒற்றை நாடா, தட்டையாக, அகலமாக. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், குனிந்தாள். எடு என்றாள். பக்கவாட்டில் நான் வைத்த சின்ன வளையத்தை எடுத்தேன். இன்னும் எடு. நாடாவின் நீண்ட நுனிகளை வெட்டினேன். உள்பக்கத் துணியையும் எடுக்கச் சொன்னாள். அதற்கு மட்டும் சண்டை போட்டேன், தோற்றேன்.

கடைசியில் பட்டறைத் தரையில், ஃபோம் துணுக்குகளுக்கும் நூலுக்கும் நடுவில் குப்புறப் படுத்தாள். நான் முழங்காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அவள் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். விரல் நுழையவில்லை.

"சரியா இருக்கா?" என்றேன்.

"இருக்கு" என்றாள். எழுந்திருக்கவில்லை. கன்னத்தைத் தரையில் வைத்து அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தாள். நான் கையை எடுக்கவில்லை.

ஏப்ரல் 23

ரயிலேற்றிவிட்டேன்.

மே 14

அவள் பையைப் பார்த்துவிட்டு அங்கே இன்னும் சிலருக்கு வேண்டுமாம். அளவுகள் வந்திருக்கின்றன. முதல் அளவு நசாருடையது. "அவனோடது முதல்ல தைச்சிடு, பக்கிள் ஆட்டம் கண்டிருக்கு" என்றாள். ஆகட்டும் என்றேன்.

ஜூன் 8

மற்றவர்களுடையது அனுப்பிவிட்டேன். நசாருக்கான துணி இன்னும் வெட்டவில்லை. அந்த நிறத் துணி தீர்ந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். தீரவில்லை.

ஜூன் 27

உல்யானாவுக்குத் தொடையில் குண்டுச் சிதறல். உயிருக்கு ஆபத்தில்லையாம். தினிப்ரோ ஆஸ்பத்திரி. நாளைக் காலை ரயில். கடவுளே கடவுளே.

ஜூன் 30

உயிரோடு இருக்கிறாள். காலும் இருக்கிறது. அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம் என்று ரயில் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். வந்து சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, என் புத்தி போன இடத்தைப் பார்.

அவள் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பூட்ஸ், போன், சிலுவை. நெஞ்சுப்பை இல்லை. வெட்டி எறிந்துவிட்டார்களா என்று கேட்டேன்.

"நசாருக்குக் கொடுத்துட்டேன். வண்டியில என்னை ஏத்தும்போதே கழட்டிக் கொடுத்தேன்."

என் முகம் சுருங்கியது எனக்கே தெரிந்தது. அந்தப் பையை நான் எப்படித் தைத்தேன் என்று இவளுக்குத் தெரியாதா? அவனுக்குக் கொடுக்க வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று கேட்டும்விட்டேன். கட்டிலில் காயத்தோடு கிடக்கிறவளிடம்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அவனோடது பக்கிள் உடைஞ்சு கயித்தால கட்டியிருந்தான், தெம்யான். நீ தைக்கிறேன்னு சொன்னது வரவே இல்லையே."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வராந்தாவுக்குப் போய் நின்றேன்.

ஜூலை 9

நசாருக்கு ஒன்று தைத்தேன். ஒரே நாளில் முடிந்தது. முடிகிற வேலையைத்தான் இத்தனை நாள் போட்டு வைத்திருந்தேன். அனுப்பியாயிற்று.

ஆகஸ்ட் 3

பார்சல் திரும்பி வந்துவிட்டது, வாங்க ஆளில்லை என்று.

அதே நாளில் உல்யானாவுக்குச் செய்தியும் வந்தது. அவள் வண்டி சாலையில் எரிந்து கிடக்கிறதாம். அதில் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. நசார் காணாமல் போனவர் கணக்கில். உல்யானா வீட்டுக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது, ஊன்றுகோலோடு இருக்கிறாள். அடுப்படியில் நின்று அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். இந்தத் தடவை பொறாமை வரவில்லை. அதைச் சொல்லிக்கொள்ளவும் வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 17

நசாரின் அம்மா பரஸ்கா ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் கூப்பிடுகிறார். ஏதாவது தெரிந்ததா, பிடிபட்டிருப்பானா, பிடிபட்டவர்கள் பட்டியல் எப்போது வரும். உல்யானா எனக்குத் தெரியாதும்மா, தெரியாதும்மா என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போகிறாள்.

செப்டம்பர் 4

உல்யானாவின் படைப்பிரிவு அதிகாரி ஒருவர் இன்று என்னைக் கூப்பிட்டார். அவளை அல்ல, என்னை. அந்தச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு உடலை எடுத்திருக்கிறார்கள். அடையாளம் தெரிகிற நிலையில் இல்லை. காகிதம், அடையாளப் பட்டை எதுவும் இல்லை. நெஞ்சுப்பை மட்டும் இருக்கிறது. கடையில் கிடைக்கிற மாதிரி இல்லை, உங்கள் வேலையா பாருங்கள் என்று போட்டோ அனுப்பினார்.

உள்பக்கத் துணி இல்லாத பை, உல்யானாவுக்கு மட்டும்தான் அப்படித் தைத்தேன். ஒற்றை நாடா. மூலையில் நான் தையலை மூன்று தடவை குறுக்கே ஓட்டுகிற விதம். சோஃபாவின் கைப்பிடிக்குப் போடுகிற தையல் அது. இந்த ஊரில்கூட அதை யாரும் போடுவதில்லை.

"என்னோடதுதான்" என்றேன். "நசார் போட்டிருந்தது."

மரபணுச் சோதனை முடிகிற வரை அம்மாவிடம் சொல்ல வேண்டாம், சில மாதம் ஆகும் என்றார். நன்றி சொன்னார். எனக்கு.

செப்டம்பர் 7

ஞாயிறு. போன் அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். எடுக்கவில்லை.

"அந்தம்மா கிட்ட பொய் சொல்ல என்னால முடியாது" என்றாள் உல்யானா. சோதனை வரட்டுமே என்றேன். உனக்குச் சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. என் தையலில் எனக்கென்ன சந்தேகம்?

செப்டம்பர் 14

கொஸ்மாச் போய் வந்தோம். பஸ் மலையேறும்போதெல்லாம் உல்யானா காலைப் பிடித்துக்கொண்டாள்.

பரஸ்கா பிளம் பழம் வேகவைத்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் பெரிய செம்புப் பானை, மரத் துடுப்பு. எங்களைப் பார்த்ததும் துடுப்பை விடவில்லை. கிண்டிக்கொண்டே இருந்தார். அடிபிடித்துவிடும் என்றார்.

நான்தான் சொன்னேன். உல்யானா சொல்வதாகத்தான் பேச்சு, அவள் என் பக்கம் திரும்பிவிட்டாள். உடல் கிடைத்திருக்கிறது, சோதனை இன்னும் வரவில்லை, ஆனால் பை என்னுடையது, உல்யானா நசாருக்குக் கொடுத்தது, எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்றேன். நிச்சயமாக என்ற சொல்லை நான்தான் சொன்னேன்.

பானையை இன்னும் ஒரு சுற்றுக் கிண்டிவிட்டுக் கேட்டார்.

"பை உன்னோடது. சரி. இந்தப் பொண்ணு அதை என் பையனுக்குக் கழட்டிக் கொடுத்தா. என் பையன் மட்டும் இன்னொருத்தனுக்குக் கொடுத்திருக்க மாட்டானா? அவன் என்ன, இவளைவிடக் கருமியா?"

பெற்ற மனம், அப்படித்தான் பிடித்துத் தொங்கும் என்று நினைத்துக்கொண்டேன். பரிதாபமாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சோளமாவுக் களியும் பாலாடைக்கட்டியும் வைத்தார். சாப்பிட்டோம். கிளம்பும்போது ஒரு பாட்டில் பிளம் ஜாம் கொடுத்தார்.

பஸ்ஸில், சொல்லியிருக்கக்கூடாதோ என்றாள் உல்யானா. எப்படியும் தெரியத்தானே போகிறது என்றேன்.

செப்டம்பர் 29

நெஞ்சுப்பை கேட்டு மூன்று பேர் வந்தார்கள். தைத்துக் கொடுத்தேன். மூலையில் அந்தத் தையலைப் போடக் கை வரவில்லை. வேறு மாதிரி முடித்தேன்.

அக்டோபர் 12

பரஸ்கா இப்போதும் ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறார். நசாரைப் பற்றிக் கேட்பதில்லை. உல்யானாவின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

நவம்பர் 18

சோதனை வந்துவிட்டது. நசார் இல்லை.

மேலே எழுதியதை மூன்று தடவை படித்தேன். நசார் இல்லை. பை என்னுடையது, தையல் என்னுடையது, உள்ளே இருந்தவன் வேறு ஒருவன். பொருந்தாததால் காணாமல்போன மற்றவர்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்களாம், ஜூலையில் புதுசாக வந்து சேர்ந்தவன். பெயர் லுக்யான். ஜிதோமிர் பக்கம். வந்த புதிது, அவனை அங்கே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. உல்யானாவுக்கும் தெரியாது.

"புதுசா வர்றவன் கையில எதுவும் சரியா இருக்காது" என்றாள் உல்யானா. "நசார் கழட்டிக் கொடுத்திருப்பான்." சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

நசார் உயிரோடு இருக்கிறான் என்று இதற்கு அர்த்தமில்லை. காணவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒரு தாயின் முற்றத்தில் நின்று அவள் பிள்ளை செத்துவிட்டான் என்று சொன்னவன் நான். நிச்சயமாக என்று சொன்னவன். இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நவம்பர் 23

கொஸ்மாச். முதல் பனி விழுந்திருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போனோம். வீடு பூட்டியிருந்தது, ஞாயிறு என்பதால் கோவிலுக்குப் போனோம். பரஸ்கா எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பிரார்த்தனையில் நின்றார். பூசை முடிந்த பிறகு, வாயில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை நான் ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"அதெல்லாம் எனக்கு வேண்டாம், தம்பி. அந்தப் பையன் பேரைச் சொல்லு."

உயிரோடு இருக்கிறவர்களுக்கு மெழுகுவர்த்தி உயரமான தாங்கியில். இறந்தவர்களுக்குத் தாழ்ந்த மேசையில். நாங்கள் வந்து சொன்ன நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு வாங்கியிருக்கிறார். மேலே ஒன்று நசாருக்கு. கீழே ஒன்று, அந்தப் பையைப் போட்டிருந்தவனுக்கு.

"யாரோ ஒரு பிள்ளை போயிருக்கான்ல. இத்தனை நாள் பேர் தெரியாமலே ஏத்துறேன்."

"லுக்யான்" என்றேன்.

அதை இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த மேசையில் வைத்தார். பிறகு அவனுக்கு அம்மா இருக்கிறாளா என்று கேட்டார். இருக்கிறார் என்றாள் உல்யானா. அதிகாரியிடம் நம்பர் வாங்கி வைத்திருந்தாள், இத்தனை நாள் கூப்பிடத் தைரியம் வரவில்லை.

"அவங்களுக்கு எப்போ சொன்னாங்க?"

"போன செவ்வாய்க்கிழமை."

பரஸ்கா என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. செப்டம்பரில் நான் அது நசார் என்று சொல்லிவிட்டேன். அதனால் அது யார் என்று வேறு யாரும் தேடவில்லை. பிள்ளையின் உடல் கிடைத்து இத்தனை வாரமாகியும், ஜிதோமிரில் ஒரு தாய் பிடிபட்டவர்கள் பட்டியல் எப்போது வரும் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். பரஸ்காவிடமாவது தப்பாகச் சொன்னேன். அந்தத் தாயிடம் யாரும் சொல்லவே விடாமல் செய்துவிட்டேன்.

நான் பேசுகிறேன், நான்தான் பேச வேண்டும் என்றேன். உல்யானா நம்பரை எடுத்துக் கொடுத்தாள். என் விரல் அதன் மேலேயே நின்றது.

"நீ அப்புறம் பேசு" என்றார் பரஸ்கா. "முதல்ல நான் பேசறேன். அவ பிள்ளை போட்டிருந்தது என் பிள்ளை கொடுத்த பைன்னு சொல்றேன்."

போனை அவர் கையில் கொடுத்தேன். வெளியே படிக்கட்டில், பனியில் நின்று பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. வெகுநேரம் பேசினார்.